86,400-ஆல் வகுக்காமலே தேதி சொல்லும் போன்: கம்பைலர் போடும் கணக்கு என்ன?

குற்றாலம் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டும் முன்பே எடுத்த செல்ஃபி. சில வருடம் கழித்து கேலரியைத் திறந்தால், படத்துக்கு மேலே 'வெள்ளி, 22 நவம்பர் 2019' என்று கிழமையும் தேதியும் சமர்த்தாக நிற்கின்றன. இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனா, போனுக்கு வெள்ளிக்கிழமையும் தெரியாது, நவம்பரும் தெரியாது. படம் எடுத்த நேரம் என்று உள்ளே இருப்பது ஒரே ஒரு எண்தான்: 157,43,97,000.

1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்துபோன விநாடிகளின் எண்ணிக்கை அது. பெரும்பாலான போன்களும் சர்வர்களும் காலத்தை இப்படித்தான் எண்ணுகின்றன. 2019 நவம்பர் 22, தென்காசி தனி மாவட்டமாக உதயமான நாள். அன்று காலை 10 மணிக்கு எடுத்த படம் என்று வைத்துக்கொண்டால் மேலே உள்ள எண் வரும்.

அதிலிருந்து தேதிக்குப் போகும் வழி எளிது. இந்திய நேரத்துக்காக 19,800 விநாடியைக் கூட்ட வேண்டும் (ஐந்தரை மணி நேரம்). ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்பதால் அதனால் வகுத்தால் 18,222 நாள் என்று வரும். 18,222-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 1970 ஜனவரி 1 வியாழக்கிழமை. அதற்கு ஒரு நாள் தள்ளி, வெள்ளி.

ஆப் எழுதியவர் தன் நிரலில் '86,400-ஆல் வகு' என்றுதான் எழுதியிருப்பார். ஆனால் போனில் இருக்கும் பிராசஸர் பெரும்பாலும் வகுப்பதே இல்லை. விநாடி எண்ணை 325,78,12,231 என்ற எண்ணால் பெருக்குகிறது. விடையின் கடைசி 48 பிட்டுகளைத் தூக்கிப் போடுகிறது. மிச்சம் இருப்பது 18,222. முடிந்தது கணக்கு.

எங்கிருந்து வந்தது இந்த 325 கோடிச் சொச்சம்? அதை எழுதியது மனிதர் இல்லை, கம்பைலர். நாம் எழுதும் நிரலை பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். மாற்றும்போதே, 'இதை இன்னும் சீக்கிரமா முடிக்கலாமே' என்று வேறு வழியும் பார்க்கும்.

வகுத்தல் என்றால் ஏன் கசப்பு?

பள்ளியில் நீள்வகுத்தல் போட்ட ஞாபகம் இருக்கும். ஒரு இலக்கத்தை இறக்கு, எத்தனை முறை போகும் என்று பார், கழி, அடுத்த இலக்கத்தை இறக்கு. முதல் படி முடியாமல் இரண்டாம் படிக்குப் போக முடியாது. பெருக்கல் அப்படி இல்லை. நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரியைப் போட்டு, கடைசியில் கூட்டிவிடலாம். சில்லுக்குள்ளும் இதே கதைதான். 2015-ல் வந்த இன்டெல் ஸ்கைலேக் சில்லில் ஒரு பெருக்கலுக்கு 3 கடிகாரத் துடிப்பு போதும். 32 பிட் வகுத்தலுக்குச் சுமார் 26. 64 பிட் என்றால் 35-லிருந்து 88 வரை போகும். பிறகு வந்த சில்லுகளில் இடைவெளி நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனாலும் பெருக்கலை வகுத்தல் எட்டிப் பிடித்ததாகச் சொல்ல முடியாது.

ஆரம்பகால ஸ்மார்ட்போன்களில் நிலைமை இன்னும் மோசம். கார்டெக்ஸ் ஏ8, ஏ9 வகை ஆர்ம் சில்லுகளில் முழு எண் வகுத்தலுக்கு என்று தனிக் கட்டளையே கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரு குட்டி நிரலை ஓட்டித்தான் வகுக்க வேண்டும். 

பார்டர் கடை பில்

செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் ஐந்து நண்பர்கள் புரோட்டா சாப்பிடுகிறார்கள். பில் 1,340 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு? மனக்கணக்குத் தெரிந்தவர் 5-ஆல் வகுக்க மாட்டார். இரண்டால் பெருக்கி 2,680 என்பார், கடைசி இலக்கத்தை விட்டுவிடுவார். 268. ஐந்தால் வகுப்பதும், இரண்டால் பெருக்கிப் பத்தால் வகுப்பதும் ஒன்றுதானே. பத்தால் வகுப்பது நமக்கு வகுத்தலே இல்லை, ஒரு இலக்கத்தைத் தள்ளுவது மட்டும்தான்.

கம்பைலர் செய்வதும் இதேதான். நமக்குப் பத்து எப்படியோ, கணினிக்கு இரண்டு அப்படி. கடைசி பிட்டைத் தள்ளினால் இரண்டால் வகுத்தாகிவிட்டது. 48 பிட்டைத் தள்ளினால் 2-இன் 48-ஆம் அடுக்கால் வகுத்ததாக ஆகிறது. அந்த அடுக்கின் மதிப்பை 86,400-ஆல் ஒரே ஒரு முறை வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றினால் கிடைப்பதுதான் 325,78,12,231. கஷ்டமான வகுத்தலை கம்பைலர் ஒரு தடவை செய்துவிடுகிறது. அதன்பிறகு அந்த ஆப் எத்தனை லட்சம் போன்களில் எத்தனை கோடி முறை ஓடினாலும் பெருக்கல் மட்டுமே.

ஆனால் 5 ரொம்ப நல்ல எண். பத்தில் சரியாகப் போகும். 3 என்றால்?

500 ரூபாயில் இடறும் இடம்

மூன்று பேர் பங்கு போட வேண்டும் என்று வையுங்கள். 1000-ஐ 3-ஆல் வகுத்தால் 333.33 என்று போய்க்கொண்டே இருக்கும். ஏற்றி 334 என்று வைத்துக்கொள்வோம். 334-ஆல் பெருக்கி, கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட வேண்டும். 100 ரூபாய்: 33,400, அதாவது 33. சரி. 497 ரூபாய்: 1,65,998, அதாவது 165. சரி. 499 ரூபாய்க்கும் 166 என்று சரியாகவே வரும்.

500 ரூபாய்? 1,67,000. ஆளுக்கு 167 என்கிறது கணக்கு. மூன்று பேரும் 167 போட்டால் 501 ஆகிவிடும். சரியான விடை 166, மீதி 2.

499 வரைக்கும் ஒரு தப்பும் இல்லை, 500-இல் முதல் இடறல். காரணம், 333.33-ஐ 334 ஆக்கும்போது துளி அதிகம் சேர்த்தோம். எண் சிறிதாக இருக்கும் வரை அந்தத் துளி கண்ணில் படாது. எண் வளர வளர அதுவும் வளர்ந்து, ஒரு கட்டத்தில் விடையை அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிடும். 334-க்குப் பதில் 3,334-ஆல் பெருக்கி நாலு இலக்கத்தை விட்டால் முதல் தப்பு 5,000-இல் வரும். இன்னொரு இலக்கம் சேர்த்தால் 50,000-இல். தப்பை ஒழிக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும்.

கணினிக்கு ஒரு வசதி இருக்கிறது. அதன் எண்களுக்கு உச்சவரம்பு உண்டு. 32 பிட் எண் என்றால் 429,49,67,295-க்கு மேல் போகவே முடியாது. அப்படியானால் முதல் தப்பை அந்த வரம்புக்கு அப்பால் தள்ளிவிட்டால் போதும்! 10-ஆல் வகுக்க 343,59,73,837-ஆல் பெருக்கி 35 பிட் தள்ளுவார்கள். இதில் முதல் தப்பு 1,717 கோடிக்கு மேல்தான் வரும். 86,400-க்கு நாம் பார்த்த எண் 589 கோடி வரைக்கும் தாங்கும். இரண்டுமே வரம்பைத் தாண்டி இருப்பதால், அந்த உலகத்தில் தப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. தோராயமாக ஆரம்பித்த கணக்கு, துல்லியமாக முடிகிறது.

வாரத்தின் 7 கொடுக்கும் தலைவலி

கிழமை பார்க்க 7-ஆல் வகுக்க வேண்டும் இல்லையா? அங்கேதான் சிக்கல். 2-இன் 34-ஆம் அடுக்கை 7-ஆல் வகுத்து ஏற்றினால் 245,42,67,027. இதனால் பெருக்கி 34 பிட் தள்ளிப் பார்த்தால் எல்லாமே சரியாக வருவது போலத் தெரியும். ஒரு லட்சம் வரை சோதிக்கலாம், நூறு கோடி வரை சோதிக்கலாம். ஒரு பிழையும் அகப்படாது. முதல் தவறு 343,59,73,841 என்ற எண்ணில் வருகிறது. உண்மையான ஈவு 49,08,53,405, கணக்கு சொல்வதோ 49,08,53,406. 429 கோடி என்ற வரம்புக்குள்ளேயே இடறிவிட்டது.

இன்னும் ஒரு பிட் துல்லியம் கூட்டினால் தப்பு வரம்பைத் தாண்டி ஓடிவிடும். ஆனால் அப்போது பெருக்க வேண்டிய எண் 490,85,34,053. இது 32 பிட்டுக்குள் அடங்காது, 33 பிட் வேண்டும். ஒரே ஒரு பிட் அதிகம். கம்பைலர் என்ன செய்கிறது? பெரிய எண்ணில் அந்த மேல் பிட்டை விட்டுவிட்டுப் பெருக்குகிறது. விட்ட பங்கை ஒரு கழித்தல், ஒரு பாதியாக்கல், ஒரு கூட்டல் வழியாக, வரம்பு மீறாமல் திரும்பச் சேர்த்துவிடுகிறது. மூன்று சின்னக் கட்டளை கூடுதல். வகுத்தலைவிட அதுவும் மலிவுதான்.

எந்த எண்ணுக்கு எத்தனை பிட் தேவை, எப்போது இந்த 33-ஆவது பிட் தொல்லை வரும் என்பதையெல்லாம் நிரூபணத்தோடு எழுதி வைத்தவர்கள் டார்பியோர்ன் கிரான்லண்ட், பீட்டர் மான்ட்கோமரி என்ற இருவர். மாறாத எண்ணால் வகுப்பதைப் பெருக்கலாக மாற்றுவது பற்றிய அவர்களின் ஆய்வுக்கட்டுரை 1994-ல் வெளியானது. அதற்கு மூன்று வருடம் முன்பே ராபர்ட் ஆல்வர்சன் டேரா என்ற கணினிக்காக இதே பாதையில் எழுதியிருந்தார். கிரான்லண்டும் மான்ட்கோமரியும் தங்கள் முறையை ஜிசிசி என்ற கம்பைலரிலேயே சேர்த்துக் காட்டினார்கள். இன்று புழக்கத்தில் உள்ள பெரிய கம்பைலர்கள் எல்லாம் இந்த வழியில்தான் போகின்றன. நூறு கோடி எண்களில் சோதித்துப் பார்த்தாலும் அகப்படாத தப்பு இருக்க முடியும் என்பதைப் பார்த்தோம். அதனால்தான் இங்கே சோதனை போதாது, நிரூபணம் வேண்டியிருந்தது.

பெரிய எண்ணை எங்கே வைப்பது?

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. போன்களில் இருக்கும் 64 பிட் ஆர்ம் பிராசஸரில் ஒவ்வொரு கட்டளையும் 32 பிட் அகலம். 'இந்த எண்ணை எடுத்துக்கொள்' என்பதையும், எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் அந்த 32 பிட்டுக்குள்தான் சொல்லியாக வேண்டும். 325,78,12,231 என்ற எண்ணுக்கே 32 பிட் தேவை. லாரி அளவுக்குச் சரக்கு, லாரியிலேயே டிரைவரும் உட்கார வேண்டும் என்றால் எப்படி?

இரண்டு நடையாகப் போகிறது சரக்கு. அந்த எண் 49,710-ஐ 65,536-ஆல் பெருக்கி 17,671-ஐக் கூட்டியது. முதல் கட்டளை 17,671-ஐக் கீழ்ப் பாதியில் வைக்கும். இரண்டாவது கட்டளை 49,710-ஐ மேல் பாதியில் செருகும். 64 பிட் எண் என்றால் நாலு நடை வரைக்கும் ஆகலாம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய சக்தி பிராசஸர் ரிஸ்க்-ஃபைவ் கட்டளை முறையைப் பின்பற்றுவது. அதில் பங்கீடு வேறு: மேலே 20 பிட், கீழே 12 பிட். இப்படித் துண்டு போடுவது லாபமா, அல்லது எண்ணை நினைவகத்தில் ஓரமாக வைத்து எடுத்துக்கொள்வது லாபமா என்று ஒவ்வொரு சில்லுக்கும் கம்பைலர் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கிறது.

மத்தளம்பாறையில் கோடு எழுதுபவருக்கு இதனால் என்ன?

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இயங்குகிறது. மென்பொருள் எழுத சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும் என்ற நிலை இந்தப் பக்கம் மாறிப் பல வருடம் ஆகிவிட்டது. சாரல் அடிக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து நிரல் எழுதும் ஒருவர் இந்தக் கணக்கையெல்லாம் கையால் போட வேண்டுமா?

வேண்டாம். போடவே கூடாது என்றுகூடச் சொல்லலாம். 'இரண்டால் வகுக்காதே, ஒரு பிட் தள்ளு, அதுதான் வேகம்' என்று இன்றைக்கும் இன்டர்வியூ டிப்ஸ் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மைனஸ் 7-ஐ இரண்டால் வகுத்தால் ஜாவாவில் மைனஸ் 3 வரும். ஒரு பிட் தள்ளினால் மைனஸ் 4. அந்த ஒன்றை ஈடுகட்டும் திருத்தத்தையும் சேர்த்தே கம்பைலர் எழுதும், அவசரத்தில் கையால் எழுதுபவர் மறந்துவிடுவார். வகுத்தல் என்றால் வகுத்தல் என்றே எழுதுவது நல்லது. படிப்பவருக்கும் புரியும்.

ஆனால் கம்பைலருக்கு ஒரு உதவி தேவை: வகுக்கும் எண் மாறாது என்று அதற்குத் தெரிய வேண்டும். 86,400-ஐ நிரலில் மாறிலியாக எழுதினால் மேலே சொன்ன வித்தை நடக்கும். அதையே ஏதோ ஒரு செட்டிங்ஸ் கோப்பிலிருந்து படித்து வகுத்தால், கம்பைலர் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. பழையபடி நீள்வகுத்தல்தான்.

இன்னொரு பள்ளம், பலர் விழுந்தது. ஒரு நாளுக்கு எத்தனை மைக்ரோவிநாடி என்று ஜாவாவில் 24 × 60 × 60 × 1000 × 1000 என எழுதுகிறோம். இதை ஓடும்போது பெருக்க வேண்டாம் என்று கம்பைலர் முன்கூட்டியே பெருக்கி வைத்துவிடும். நல்ல விஷயம்தான். ஆனால் எழுதிய எண்கள் எல்லாம் இன்ட் வகை, 32 பிட். சரியான விடை 8,640 கோடி, அந்தக் குடத்துக்குள் அடங்காது. வழிந்தது போக மிஞ்சுவது 50,06,54,080. விடையை லாங் வகை மாறியில் வைத்தாலும் பயனில்லை, பெருக்கல் நடந்தபோதே தண்ணீர் வழிந்துவிட்டது. இதை ஒரு நாளின் மில்லிவிநாடிகளான 8,64,00,000-ஆல் வகுத்தால் 1000 வர வேண்டிய இடத்தில் 5 வரும். முதல் எண்ணுக்குப் பின்னால் லாங் என்று காட்டும் ஒரு எழுத்தைச் சேர்த்திருந்தால் போதும். வேகமாக்கும் கம்பைலர், தப்பையும் அதே வேகத்தில் செய்துகொடுக்கும். நீங்கள் சொன்ன வகைக்குள்தான் அது கணக்குப் போடும், நீங்கள் மனதில் நினைத்ததை அல்ல.

சோழியை வைத்துப் போட்ட கணக்கு

மாறாத பெரிய எண்களால் வகுப்பதை எளிதாக்கும் தேவை தமிழகத்தில் கணினிக்கு முன்பே இருந்தது. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்பவர்களின் தினசரி வேலையே அதுதான்.

கலியுகம் தொடங்கியதாகக் கொள்ளும் கி.மு. 3102 பிப்ரவரி 18-லிருந்து நாட்களை எண்ணிக்கொண்டே வருவார்கள். சந்திரன் எங்கே நிற்கிறது என்று பார்க்க அந்த எண்ணிலிருந்து 16,00,984-ஐக் கழித்து, 12,372-ஆல் வகுத்து, மீதியை 3,031-ஆல் வகுத்து, அதன் மீதியை 248-ஆல் வகுப்பார்கள். கடைசி மீதிக்கு உரிய வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு ஈவுக்கும் ஏற்ற திருத்தத்தைக் கூட்டினால் விடை. இந்த எண்கள் சும்மா வந்தவை இல்லை. சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து மீண்டும் அருகே வர சுமார் 27.55 நாள். 9 சுற்றுக்கு ஏறக்குறைய 248 நாள், 110 சுற்றுக்கு 3,031, 449 சுற்றுக்கு 12,372. பின்னத்தோடு மல்லுக்கட்டும் வேலையை யாரோ ஒருவர் ஒருமுறை முடித்து, முழு எண்களாக்கி வைத்துவிட்டார்.

எண்களை எங்கே வைப்பது என்ற சிக்கல் அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் சொல்லில் வைத்தார்கள். எழுத்துக்கு ஒரு எண் தரும் கடபயாதி முறையில் 'தேவர' என்றால் தே 8, வ 4, ர 2. பின்னாலிருந்து படித்தால் 248. 3,031-க்கு 'காலானல', 12,372-க்கு 'ரசகைரிகா'.

ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-ல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, வாய்ப்பாட்டை நினைவிலிருந்தே சொல்லி, 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. (வகுத்தலைப் பெருக்கலாக்கும் வித்தைகளைத் தொகுத்து 2002-ல் புகழ்பெற்ற நூல் எழுதிய கணினியாளர் பெயரும் வாரன்தான், ஹென்றி வாரன். இருவருக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை.)

உடனே 'கம்பைலரை நம் முன்னோர் அப்போதே கண்டுபிடித்தனர்' என்று குடும்ப குரூப்பில் ஃபார்வர்டு போட வேண்டாம். முறை வேறு. பஞ்சாங்கக்காரர் மீதியைக் கண்டுபிடித்துப் பட்டியலைப் பார்க்கிறார், கம்பைலர் தலைகீழ் எண்ணால் பெருக்குகிறது. முழு எண்ணாக்கும்போது விட்ட துளி எப்போது விடையைக் கெடுக்கும் என்ற கேள்விதான் இரண்டுக்கும் பொது. கம்பைலருக்கு எண்களின் உச்சவரம்பு கைகொடுத்தது. நாட்களுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை, துளி சேர்ந்துகொண்டே போகும்.

தென்காசி மாவட்டம் உதயமான நாளுக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அன்றைய கலி நாள் 18,70,344. 16,00,984-ஐக் கழித்தால் 2,69,360. 12,372-ஆல் வகுத்தால் ஈவு 21, மீதி 9,548. 3,031-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 455. 248-ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 207. கிழமை வேண்டுமென்றால் 18,70,344-ஐ 7-ஆல் வகுக்க வேண்டும். மீதியே இல்லாமல் போகிறது. கலி எண்ணிக்கை வெள்ளிக்கிழமையில் தொடங்குவது, ஆகவே அன்றும் வெள்ளி. போனும் அதைத்தான் சொன்னது.